கொடுத்தவர் சொல்லும் ஊரின் தேவையும்

செயின்ட் லூயிஸ் நகரத்தின் முன்னாள் மேயர் பிரையன் முல்லன்ஃபி 1851-இல் இறந்தபோது, தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தருமத்துக்கு எழுதிவைத்திருந்தார். மேற்கே குடியேறுவதற்காக அந்த நகரத்தின் வழியாகப் போகும் ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பது உயில். அன்றைக்கு அது கண்முன் இருந்த தேவை. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள்; வழியில் கைப்பணம் தீர்ந்து தவித்தவர்கள் பலர். பிறகு ரயில் வந்தது, குடியேற்ற அலையும் அடங்கியது. உதவி கேட்டு வர ஆள் குறைந்தது. உயிலில் இருந்த வாசகம் மட்டும் அப்படியே இருந்தது.

பெஞ்சமின் பிராங்க்ளினைப் போன்ற கெட்டிக்காரருக்கே இது நேர்ந்தது. 1790-இல் மறைந்த அவர் பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா இரண்டு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு வைத்துவிட்டுப் போனார். தொழில் பழகி முடித்த, மணமான இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் தர வேண்டும். 200 ஆண்டுகள் இப்படியே வட்டி சேர்ந்தால் பெரும் செல்வமாகும் என்று கணக்கும் போட்டிருந்தார். கூட்டுவட்டியை அவர் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தார். ஆனால் பட்டறையில் ஆசானிடம் தங்கித் தொழில் பழகும் முறையே அடுத்த நூற்றாண்டில் ஒழிந்துபோனது. அவர் சொன்ன தகுதியோடு கடன் வாங்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 200 ஆண்டு முடிந்து 1990-ஐ ஒட்டிக் கணக்குப் பார்த்தபோது பாஸ்டனில் சுமார் 50 லட்சம் டாலரும் ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 20 லட்சம் டாலரும் இருந்தன. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அவர் போட்ட கணக்குக்கு எட்டவில்லை.

இந்தத் தொல்லைக்கு இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: செத்தவர் கை. சர் ஆர்தர் ஹாப்ஹவுஸ் 1880-இல் அதையே தலைப்பாக வைத்து ஒரு நூல் வெளியிட்டார். இறந்தவரின் விருப்பத்துக்கு இருப்பவர்கள் எத்தனை தலைமுறைக்குக் கட்டுப்பட்டிருப்பது என்பது அவர் எழுப்பிய கேள்வி. அதற்கு நிர்வாக வடிவில் ஒரு விடை கண்டவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கோஃப். வழக்கறிஞராக இருந்தவர், எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லருக்கும் வழக்குப் பணி செய்தவர். 1908-இல் கிளீவ்லாந்து டிரஸ்ட் வங்கியின் தலைவரானார். பணக்காரர்களின் உயில்களையும் அறக்கட்டளைகளையும் பராமரிப்பது அந்த வங்கியின் தொழில். பழைய உயில் ஒவ்வொன்றும் காலம் மாறியபின் என்ன பாடுபடுத்துகிறது என்பதை அவர் உள்ளிருந்து பார்த்தவர்.

1914 ஜனவரி 2 அன்று வங்கியின் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டது. உலகின் முதல் சமுதாய அறக்கட்டளையான கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் அந்தத் தீர்மானத்தில் பிறந்தது. நகரத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள் ஆளுக்கொரு அறக்கட்டளை வைக்க வேண்டாம். எல்லார் பணமும் ஓரிடத்தில் சேரட்டும். முதலைக் காப்பதும் முதலீடு செய்வதும் வங்கியின் பொறுப்பு. வருமானத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது ஐந்து பேர் கொண்ட பகிர்மானக் குழு. அந்த ஐவரில் இருவரை மட்டுமே வங்கி நியமிக்கும். ஒருவரை மேயர், ஒருவரைக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி, ஒருவரை உயில் வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தின் நீதிபதி. பணத்தைப் பெருக்குகிறவர் கையில் கொடுக்கும் அதிகாரம் போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி இது. கொடையாளர் சொன்ன நோக்கம் காலப்போக்கில் பொருளற்றுப் போனால் நீதிமன்றப் படி ஏறாமலே குழு அதை மாற்றிக்கொள்ளலாம் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. இந்த மாற்றும் அதிகாரம்தான் இன்றுவரை சமுதாய அறக்கட்டளை என்ற வகையின் உயிர்நாடி. 1969-இல் வந்த பெரிய வரிச் சீர்திருத்தத்தை ஒட்டி எழுதப்பட்ட மத்திய வரித்துறை விதிகள், இந்த அதிகாரம் இருந்தால்தான் பல நிதிகளைக் கொண்ட அமைப்பை ஒரே பொது அறநிறுவனமாக ஏற்போம் என்று சொல்லிவிட்டன.

கோஃப் வெறும் தருமவான் அல்ல, வங்கிக்காரரும்கூட. சேரும் நிதி வளர வளர வங்கிக்குப் பராமரிப்புக் கட்டணமும் வளரும். 1915-இலேயே சிகாகோ, பாஸ்டன், மினியாபொலிஸ், லாஸ் ஏஞ்சலஸ் என்று இந்த ஏற்பாடு பரவியதற்கு வங்கிகளின் ஆர்வமும் ஒரு காரணம். 1924-இல் தொடங்கிய நியூயார்க் சமுதாய அறக்கட்டளை ஒரே வங்கியை நம்பியிராமல் பல வங்கிகளில் நிதியைப் பிரித்து வைத்து, பகிர்மானக் குழுவை மட்டும் பொதுவாக்கியது.

உயிலில் எழுதிய பணம், எழுதியவர் கண்மூடிய பிறகுதான் கைக்கு வரும். அதனால் கிளீவ்லாந்தில் தொடக்க ஆண்டுகளில் பகிர்ந்தளிக்கப் பணமே இல்லை. கோஃப் அந்த இடைவெளியை வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஊருக்கு என்ன தேவை என்று முதலில் பார்ப்போம் என்று ஆய்வுகளில் இறங்கினார். செலவுக்குச் சொந்தப் பணமும் போட்டார். ரஸ்ஸல் சேஜ் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த லெனர்ட் ஏர்ஸ் தலைமையில் நகரப் பள்ளிகள் ஆராயப்பட்டு, அறிக்கை 25 சிறு தொகுதிகளாக வந்தது. அதைவிடப் பெயர் பெற்றது 1921-இல் தொடங்கிய குற்றவியல் ஆய்வு. நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஒருவரே கொலை வழக்கில் சிக்கிய அவமானத்துக்குப் பின் நடந்தது இது. ஹார்வர்டின் ரோஸ்கோ பவுண்டும், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரும் நடத்தினார்கள். அதில் பத்திரிகைகளைப் பற்றிய ஒரு பகுதி இன்றும் படிக்கத் தக்கது. 1919 ஜனவரியின் முதல் பாதியில் கிளீவ்லாந்து நாளிதழ்கள் குற்றச் செய்திகளுக்கு ஒதுக்கிய இடம் 925 அங்குலம். இரண்டாம் பாதியில் 6,642 அங்குலம். ஊரே குற்ற அலையில் மூழ்கிவிட்டதாகப் பீதி. அதே காலத்தில் காவல்துறையிடம் பதிவான குற்றங்கள் 345-இலிருந்து 363 ஆகியிருந்தன, அவ்வளவுதான். அளவுகோலை எடுத்துக்கொண்டு பத்திரிகைப் பத்திகளை அளக்கும் வேலைக்கு ஒரு தரும நிதி பணம் கொடுத்தது அந்தக் காலத்தில் புதுமை. சோறு போடுவதும் துணி கொடுப்பதும் மட்டும் தருமம் என்றிருந்த ஊரில், உண்மை நிலவரத்தைக் கண்டறிவதும் பொதுக்காரியமே என்று அந்த நிதி காட்டிவிட்டது.

அமெரிக்காவில் இன்று சுமார் 900 சமுதாய அறக்கட்டளைகள் இருக்கின்றன. இண்டியானா மாநிலத்தில் லில்லி அறநிதி 1990-இல் தொடங்கிய ஊக்கத் திட்டத்தால் 92 கவுண்டிகளிலும் இத்தகைய அமைப்பின் சேவை கிடைக்கிறது: உள்ளூர்க்காரர்கள் போடும் பணத்துக்கு ஈடாக லில்லியும் ஒரு பங்கு போடும். பிரிட்டனிலும் கனடாவிலும் இதே ஏற்பாடு வேரூன்றியது. கனடாவின் வினிபெக் ஃபவுண்டேஷன் 1921-இல் வில்லியம் அல்லோவே என்ற வங்கியாளர் கொடுத்த 1,00,000 டாலரில் தொடங்கியது. அதற்கு வந்த இரண்டாவது கொடை ஓர் உறைக்குள் இருந்த மூன்று பொற்காசுகள், காசுக்கு ஐந்து டாலர். கொடுத்தவர் பெயர் இல்லை. பைபிளில் ஏழைக் கைம்பெண் காணிக்கை போட்ட கதையைச் சுட்டும் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. அந்த 15 டாலரும் நிரந்தர நிதியில் சேர்ந்தது. 2022-இல் அதே அமைப்புக்கு மிரியம் பெர்கன் என்ற தொழிலதிபரின் உயில் மூலம் வந்த சொத்தின் மதிப்பு 50 கோடி கனடா டாலர்.

உள்ளே பணம் எப்படி நகர்கிறது? சட்டப்படி எல்லாம் ஒரே நிறுவனத்தின் சொத்து. கணக்கில் மட்டும் நூற்றுக்கணக்கான நிதிகள். சிலர் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுப்பார்கள். குழு விருப்பம்போலச் செலவிடலாம். சிலர் துறையைச் சொல்வார்கள்: குழந்தைகள் நலம், நூலகம், புற்றுநோய் ஆராய்ச்சி. சிலர் இன்ன மருத்துவமனைக்கு, இன்ன பள்ளிக்கு என்று பெயர் குறித்தே கொடுப்பார்கள். கல்வி உதவித்தொகை தனி வகை. முதலீட்டில் இவை எல்லாம் ஒரே தொட்டியில் கலந்து, பங்கு விகிதத்தில் லாப நட்டத்தைப் பிரித்துக்கொள்ளும். ஆண்டுக்கு எவ்வளவு எடுப்பது என்பதற்குப் பொதுவான விதி, கடந்த மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளின் சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம். சந்தை ஏறிய ஆண்டில் ஒரேயடியாக அள்ளிக் கொடுத்துவிட்டு, இறங்கிய ஆண்டில் கைவிரிக்காமல் இருக்கத்தான் சராசரி.

கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் இறுக்கம் தெரியும். 10 லட்சம் டாலர் நிதியில் ஆண்டுக்கு 4.5 சதவீதம் என்றால் மானியம் 45,000 டாலர். அலுவலகச் செலவுக்கென நிதியிலிருந்து 1 சதவீதம் கட்டணம் பிடித்தால் 10,000. விலைவாசி 2.5 சதவீதம் ஏறினால், முதலின் மதிப்பு தேயாமல் இருக்க இன்னொரு 25,000 தேவை. ஆக ஆண்டுக்கு 8 சதவீதமாவது சம்பாதிக்க வேண்டும். பத்திரங்களில் மட்டும் போட்டு இதைச் சம்பாதிப்பது கடினம்; பங்குச் சந்தைக்குப் போயே ஆக வேண்டும். ‘நிரந்தர நிதி’ என்ற சொல்லில் தொனிக்கும் பாதுகாப்பு நடைமுறையில் இல்லை. 2008 சரிவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. முந்தைய ஆண்டு வந்த கொடைகள் போட்ட தொகைக்கும் கீழே போயின. பழைய சட்டம் நடப்பிலிருந்த மாநிலங்களில் மூலத்தொகைக்குக் கீழே இறங்கிய நிதியின் முதலில் கை வைக்க முடியாது. ஊரில் வேலையிழப்பும் பட்டினியும் கூடிய வேளையில் சில நிதிகள் வாய் கட்டப்பட்டுக் கிடந்தன. 2006-இல் வகுக்கப்பட்டு மாநிலம் மாநிலமாக ஏற்கப்பட்ட புதிய மாதிரிச் சட்டம் அந்தக் கோட்டை அழித்து, விவேகத்தோடு செலவிடலாம் என்று நிர்வாகிகளிடமே விட்டுவிட்டது.

கொடுக்கும் முறையும் காசோலை எழுதுவதோடு முடிவதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அன்றே நியூயார்க் சமுதாய அறக்கட்டளையும் யுனைடெட் வே அமைப்பும் சேர்ந்து ஒரு நிதியைத் தொடங்கின, 53.4 கோடி டாலர் திரண்டது. அதை அறநிதியாக நிறுத்திவைக்காமல், இறந்தவர் குடும்பங்களுக்கும் வேலையிழந்தவர்களுக்கும் கொடுத்து முடித்து 2004-இல் கணக்கை மூடினார்கள். கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் வேறொரு வழி போனது. நகரத்தின் பெரிய மருத்துவமனைகளைச் சுற்றியே வறுமை மிக்க குடியிருப்புகள் இருந்தன; மருத்துவமனைகள் வாங்கும் சேவைகளோ வெளியூர்களிலிருந்து வந்தன. மருத்துவமனைகளையும் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக்கொண்டு, எவர்கிரீன் என்ற கூட்டுறவுத் தொழில்களுக்கு அது விதைப்பணம் போட்டது. 2009-இல் முதலில் திறந்தது சலவைக்கூடம். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுப்பவர்களே அதன் பங்குதாரர்கள். பங்குத் தொகையைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கொடையாளரின் சொல்லும் ஊரின் தேவையும் நேருக்கு நேர் மோதியது கலிபோர்னியாவில். மரின் கவுண்டியில் வாழ்ந்த பெரில் பக் என்ற கைம்பெண் 1975-இல் இறந்தார், பிள்ளைகள் இல்லை. தம் சொத்தை சான் பிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்து, மரின் கவுண்டியின் ஏழைகளுக்கும் அங்குள்ள பொதுநலப் பணிகளுக்கும் செலவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். சொத்தின் பெரும்பகுதி பெல்ரிட்ஜ் ஆயில் என்ற நிறுவனத்தின் பங்குகள். அப்போதைய மதிப்பு ஏறக்குறைய ஒரு கோடி டாலர். 1979-இல் ஷெல் நிறுவனம் பெல்ரிட்ஜை 365 கோடி டாலருக்கு வாங்கியது. பக்கின் பங்குகள் ஒரே பாய்ச்சலில் சுமார் 26 கோடி டாலராயின.

மரின், அமெரிக்காவின் மிகப் பணக்கார கவுண்டிகளில் ஒன்று. கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் சான் பிரான்சிஸ்கோ. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓக்லாந்து. இரண்டிலும் ஏழைகள் நிறையப் பேர். ஃபவுண்டேஷனின் எல்லைக்குள் ஐந்து கவுண்டிகள் இருக்க, கையிலிருந்த பணத்தின் மிகப் பெரிய பங்கு வசதியான ஒன்றுக்கே போனது. 1984-இல் ஃபவுண்டேஷன் நீதிமன்றம் போனது: இவ்வளவு பணம் வரும் என்று தெரிந்திருந்தால் அம்மையார் மரினோடு நிறுத்தியிருக்க மாட்டார், ஒரு பகுதியை மற்ற கவுண்டிகளுக்கும் செலவிட அனுமதி வேண்டும் என்று. மரின் கொதித்தெழுந்தது. மாநில அட்டர்னி ஜெனரலும் எதிர்த்தார். 1986-இல் மாதக்கணக்கில் நடந்த விசாரணையில் ஃபவுண்டேஷனுக்குச் சாதகமாகக் காற்று அடிக்கவில்லை. நோக்கத்தை நிறைவேற்றவே முடியாது என்ற நிலை வந்தால்தான் நீதிமன்றம் அதை மாற்றும்; வேறிடத்தில் செலவிட்டால் பயன் கூடும் என்பது மட்டும் போதாது என்பதே நீதிபதியின் நிலைப்பாடு. ஃபவுண்டேஷன் பொறுப்பிலிருந்து விலகியது. அந்தப் பணத்துக்காகவே மரின் சமுதாய அறக்கட்டளை உருவானது. முதுமை பற்றி ஆராயும் பக் ஆய்வு நிறுவனம் இன்று நோவாட்டோ நகரத்தில் இருப்பதும் இந்தப் பணத்தால்தான்.

நீதிபதி சொன்னது சட்டத்துக்குச் சரி. ஆனால் செத்தவர் கையை விலக்கவே பிறந்த ஓர் அமைப்பு, பெரிய பணம் வந்தபோது அந்தக் கையை அசைக்க முடியாமல் தோற்றது என்பதும் அதே அளவுக்கு உண்மை. மாற்றும் அதிகாரத்தைக் காகிதத்தில் வைத்திருக்கும் அறக்கட்டளைகள் அதை அரிதாகவே எடுக்கின்றன. ஒரு கொடையாளரின் விருப்பத்தை மீறிய செய்தி பரவினால் அடுத்த பத்துப் பேர் உயிலை மாற்றி எழுதிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு.

உயிலின் திசையை நீதிமன்றம் திருப்பிய கதை சென்னைக்கும் உண்டு. 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியார் கோயில் கட்டளைகளுக்கும் சமய தருமங்களுக்கும் பெருஞ்சொத்தை எழுதிவைத்தார். சொத்து ஆண்டுக்கணக்கில் தகராறில் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, நீதிமன்றத்தின் வழியாக நிதியை மீட்டு, தருமங்களுக்குப் போக மிஞ்சிய உபரியைக் கல்விக்குத் திருப்பினார். 1842-இல் பள்ளி திறந்தது. பச்சையப்பன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. இந்தியாவில் இன்றும் பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே இந்த வேலையைச் செய்ய ஒரு குழு இருக்கட்டும் என்பதே கோஃபின் யோசனை.

செத்தவர் கையைப் பற்றி இவ்வளவு யோசித்த கோஃப், உயிரோடு இருப்பவர் கையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 1931-இல் வில்லியம் பார்ஸ்டோ என்பவர் நியூயார்க் சமுதாய அறக்கட்டளையில் வைத்த நிதியை இன்றைய ‘கொடையாளர் ஆலோசனை நிதி’க்கு முன்னோடி என்பார்கள். பணம் சட்டப்படி அறக்கட்டளைக்குச் சொந்தம். யாருக்குக் கொடுக்கலாம் என்று கொடையாளர் யோசனை சொல்லலாம். பெயர்தான் யோசனை, நடப்பில் அது உத்தரவு. சட்டத்துக்கு உட்பட்டிருந்தால் அறக்கட்டளை மறுப்பதே இல்லை என்று சொல்லலாம். 1991-இல் ஃபிடெலிட்டி முதலீட்டு நிறுவனம் இதற்கென்றே ஓர் அறநிறுவனம் தொடங்கியதும் இந்தக் கணக்குகள் வெள்ளமாகப் பெருகின. 2023-இல் அமெரிக்காவில் இவற்றில் இருந்த தொகை 25,000 கோடி டாலரைத் தாண்டியது.

கவர்ச்சிக்குக் காரணம் வரிச் சலுகை. பத்து டாலருக்கு வாங்கிய பங்கு இன்று 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் லாபத்துக்கு வரி. விற்காமல் இந்த நிதியில் போட்டால் லாபத்துக்கு வரியே இல்லை. மேலும் 1,000 டாலர் தருமம் செய்ததாக வருமான வரியிலும் இவ்வாண்டே கழிவு கிடைக்கும். தனிக் குடும்ப அறக்கட்டளை என்றால் ஆண்டுக்கு 5 சதவீதமாவது செலவிட வேண்டும் என்று சட்டம் உண்டு. இந்த நிதிக்கு அதுவும் இல்லை. பணம் ஐந்து ஆண்டோ ஐம்பது ஆண்டோ அப்படியே கிடக்கலாம்.

இதன் பெரிய காட்சி சிலிக்கான் வேலியில் நடந்தது. இரண்டு உள்ளூர் அமைப்புகள் 2007-இல் இணைந்து உருவான சிலிக்கான் வேலி சமுதாய அறக்கட்டளையில், ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் 2012-இல் 1.8 கோடி பங்குகளைப் போட்டார். மதிப்பு சுமார் 50 கோடி டாலர். அடுத்த ஆண்டு அதே எண்ணிக்கைப் பங்குகள். பங்கு விலை ஏறியிருந்ததால் மதிப்பு சுமார் 100 கோடி டாலர். பத்து ஆண்டுக்குள் அந்த அமைப்பின் சொத்து 1,300 கோடி டாலரைத் தாண்டி, நூற்றாண்டு கண்ட கிளீவ்லாந்தையும் நியூயார்க்கையும் முந்தியது. பெரும்பகுதி கொடையாளர் ஆலோசனை நிதிகள். ஊர் முழுக்கக் கோடீஸ்வரர்கள். பக்கத்துத் தெருவில் வாடகை கட்ட முடியாமல் வேனில் குடியிருப்பவர்கள். அமைப்பின் பெயரில் ஊர் இருக்க, மானியத்தில் கணிசமான பங்கு வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போனது. கொடையாளரின் மனம் எங்கே போகிறதோ பணமும் அங்கே போகும்.

இதை ஆதரிப்பவர்கள் மொத்தக் கணக்கைக் காட்டுகிறார்கள்: ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வெளியே போகிறது, குடும்ப அறக்கட்டளைகளின் 5 சதவீதத்தைவிடப் பல மடங்கு. இந்த வாதத்தைப் பாதிதான் ஏற்கலாம். வரித்துறைக்குத் தரும் விவரம் எல்லாக் கணக்குகளையும் சேர்த்த கூட்டுத்தொகை. முழுக்க வழங்கிய நூறு கணக்குகளின் மறைவில், ஒரு காசுகூட வெளியே விடாத பெரிய கணக்கு ஒன்று வசதியாக உட்கார்ந்திருக்கலாம். ஓர் ஆலோசனை நிதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகையும் வழங்கியதாகவே பதிவாகும். அறக்கட்டளைகள் தாமே முன்வந்து தட்டிக்கேட்கும் என்று எதிர்பார்ப்பதும் கடினம்: அலுவலகச் சம்பளம் நிதிகளிலிருந்து பிடிக்கும் கட்டணத்தில் ஓடுகிறது. பெரிய கணக்குக்காரரை முறைத்துக்கொண்டால் அவர் எஞ்சிய பணத்தை ஃபிடெலிட்டிக்கு மாற்றும்படி ‘யோசனை’ சொல்லிவிட்டுப் போவார்.

2021 ஜூனில் செனட்டர்கள் ஆங்கஸ் கிங்கும் சக் கிராஸ்லியும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். முதலிலேயே வரிக்கழிவு வேண்டுமென்றால் 15 ஆண்டுக்குள் பணத்தைக் கொடுத்து முடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சமுதாய அறக்கட்டளைகளுக்கு மட்டும் தனிச் சலுகை இருந்தது: ஒரு கொடையாளருக்கு 10 லட்சம் டாலர் வரையான நிதிக்குக் கெடு இல்லை, அதற்கு மேலிருந்தால் ஆண்டுக்கு 5 சதவீதம் வழங்கினாலும் போதும். அந்தச் சலுகையை வைத்துக்கொண்டே அறக்கட்டளைகளின் தேசியச் சங்கம் மசோதாவை எதிர்த்தது. கொடையே குறைந்துபோகும் என்றது. வாக்கெடுப்புக்கு வராமலே அந்தக் காங்கிரஸின் காலத்தோடு மசோதா காலாவதியானது.